காப்புக் கட்டிய வாரத்தில் ஒரு டவுன்லோடு

இன்ஸ்டால் முடிந்துவிட்டது என்று திரை சொன்னபோது சனிக்கிழமை காலை. மென்பொருளைத் திறந்து, புதிய வேலை ஒன்றைத் தொடங்கச் சொன்னேன். எந்த வகைப் போனுக்காக என்று கேட்டது. தேர்வு செய்யச் சொல்லி ஒரு பட்டியலையும் காட்டியது. பட்டியலில் ஒன்றுமே இல்லை. வெறும் வெள்ளைக் கட்டம். அதற்குக் கீழே, தேவையான பாகங்கள் இல்லை என்று சிவப்பில் ஒரு வரி.

எல்லோரும் செய்வதைத்தான் நானும் முதலில் செய்தேன். மூடிவிட்டுத் திறந்தேன். பிறகு முழுவதையும் நீக்கிவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்தேன். மறுபடியும் அதே வெள்ளைக் கட்டம். மூன்றாம் முறை செய்யத் துணியவில்லை. அது பயம்தான். வேறு பெயர் வைக்க நான் முயலவில்லை.

இரண்டாயிரத்தின் முதல் பத்தாண்டு முடியப்போகும் சமயம் அது. சேலத்தில் ஒரு நாளிதழில் துணை ஆசிரியராக இருந்தேன். பிறர் எழுதியதை வெட்டுவது, தலைப்பு வைப்பது, பக்கத்தில் பொருத்துவது என் வேலை. பக்கம் கட்டும் கணினிகள் அடிக்கடி படுத்துக்கொள்ளும். அவற்றை எழுப்பப் போய், கொஞ்சம் நிரல் எழுதவும் பழகியிருந்தேன். பத்திரிகையின் இணையதளம் என் கைக்கு வந்தது அப்படித்தான். திருமணமாகிக் கொல்லிமலைக்கு வந்த பிறகு, நீட்டி நீட்டி வாங்கிய விடுப்பு முடியும் தறுவாயில் இருந்தது. மலையிலிருந்து இரவு வேலைக்குப் போய்வர வழியில்லை.

அப்போது முதலாளியின் மகன் வெளிநாட்டிலிருந்து ஒரு போன் வாங்கி வந்தார். விரலால் தள்ளினால் திரை நகரும் வகை. நம்முடைய பேப்பர் இதில் தெரிய வேண்டும் என்றார். அலுவலகத்தில் யாருக்கும் அது தெரியாது. எனக்கும் தெரியாதுதான், ஆனால் நான் முடியும் என்று சொல்லிவிட்டேன். அந்தப் போன் தமிழ் எழுத்துகளைக் கட்டம் கட்டமாகக் காட்டியது. அதனால் தலைப்புச் செய்திகளைப் படங்களாக மாற்றி அனுப்பும் ஒரு சின்னச் செயலியை எழுதத் தொடங்கினேன். அலுவலகக் கணினியில் பாதி வேலை நடந்திருக்கும்போது அதை வைரஸ் தின்றது. நான் எழுதிய நிரல் மட்டும் என் பென் டிரைவில் தப்பியது. மிச்சத்தை வீட்டு லேப்டாப்பில் முடிப்பதாகச் சொல்லி மலைக்கு வந்துவிட்டேன். அலுவலகக் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தவர் ஒரு சிடி கொடுத்தனுப்பினார்.

"எல்லாம் இதுல இருக்குக்கா. போட்டுட்டு நெக்ஸ்ட், நெக்ஸ்ட்டுன்னு குடுத்துட்டே போங்க."

ஆசிரியர் வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுத் தரைவழிப் போனில் கூப்பிட்டிருந்தார். "திங்கக்கிழமை பத்து மணிக்கு முதலாளி ரூம்ல காட்டணும்மா. காட்டிட்டீன்னா மலையிலயே உக்காந்து வேலை பாரு, நான் பேசிக்கறேன். காட்டலேன்னா எனக்கு வேற வழியில்ல. உன் சீட்டுக்கு ஆள் வந்து ஏற்கனவே உக்காந்துட்டான்."

அவர் மிரட்டவில்லை. செய்தியைச் சொன்னார். அதனால்தான் கூடுதலாகப் பயந்தேன்.

சிடியில் இருந்த குறிப்புகளை வரி வரியாகப் படித்தபோது விஷயம் புரிந்தது. சிடியில் இருந்தது வெறும் கூடு. எந்தப் போனுக்காக எழுதுகிறோமோ அந்தப் போனுக்கான பாகங்களை மென்பொருளே இணையத்தில் போய் எடுத்துவரும். ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், பட்டியல் வரும், வேண்டியதைத் தேர்ந்தெடுத்தால் இறங்கும். எளிமையான காரியமாக எழுதியிருந்தது.

எங்கள் ஊரில் அப்போது செல்போன் சிக்னல் கிடையாது. வாசலூர்பட்டி ஏரிக்கு மேலே, படகு இல்லத்தைத் தாண்டி ஒரு மேட்டில் உட்கார்ந்தால் டேட்டா கார்டில் பச்சை விளக்கு எரியும். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அங்கே போனேன். சனிக்கிழமை என்பதால் வெளியூர்க்காரர்கள் கூட்டம். கீழே மிதிபடகுகளில் குடும்பங்கள் கத்திக்கொண்டிருந்தன. அன்னாசிப்பழத் துண்டுகளோடு மேட்டில் ஏறிவந்த ஒருவர் என்னைப் பார்த்துத் தன் மனைவியிடம் சொன்னார்: "பாத்தியா, சுத்திப் பாக்க வந்த எடத்துலயும் ஆபீஸ் வேலை. நான் எவ்வளவோ தேவலை."

"நான் இந்த ஊருங்க," என்றேன். அவர் நம்பவில்லை.

பொத்தானை அழுத்தினேன். கொஞ்ச நேரம் சுற்றியது. முகவரியை எட்ட முடியவில்லை என்று சொல்லிவிட்டு நின்றது. இடத்தை மாற்றி உட்கார்ந்தேன். டேட்டா கார்டைப் பிடுங்கிச் செருகினேன். பேட்டரி தீரும்வரை அழுத்திக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு முறையும் ஒரே பதில். மலைச் சிக்னல் இவ்வளவுதான், கீழே போய் நல்ல இணைப்பில் போட்டால் இறங்கிவிடும் என்று முடிவுகட்டினேன். அதில் ஓர் ஆறுதல்கூட இருந்தது. குற்றம் மலையுடையது.

திட்டம் உடனே தயாராகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை இறங்கி, சேந்தமங்கலத்தில் எனக்குப் பழக்கமான பாய் ஒருவர் வைத்திருக்கும் பிரவுசிங் சென்டரில் டவுன்லோடு செய்துகொண்டு, அப்படியே சேலம் போய் அம்மா வீட்டில் இரவு தங்கி வேலையை முடித்து, திங்கள் காலை பத்து மணிக்கு முதலாளி அறையில் நிற்பது. அன்று மாலை அடுப்படியில் இதைச் சொன்னேன். களி கிண்டிக்கொண்டிருந்த அத்தை, என் மாமியார், துடுப்பை நிறுத்தினார்.

"தங்கறதா? கம்பம் நட்டாச்சே கண்ணு."

நான் மறந்துபோயிருந்தேன். ஊரில் அம்மன் திருவிழாவான நோம்பி சாட்டியிருந்தது. கோயில் முன்னால் கம்பம் நட்டுக் காப்புக் கட்டிவிட்டால், நோம்பி முடியும்வரை ஊர்க்காரர் யாரும் எல்லைக்கு வெளியே இரவு தங்கக்கூடாது. பகலில் எங்கும் போகலாம், பொழுது விழுந்தபின் ஊருக்குள் இருக்க வேண்டும். காப்பைக் கையில் கட்டிக்கொண்டவர்களுக்கு இன்னும் கண்டிப்பு: அவர்கள் பகலிலும் எல்லையைத் தாண்டக்கூடாது. என் கணவர் அந்த ஆண்டு தீச்சட்டி எடுப்பதாக வேண்டிக்கொண்டு, மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றோடு இருந்தார்.

"போன வருசம் மேலத்தெருக்காரன் ராசிபுரத்துல தங்கிட்டு வந்தான்," என்றார் அத்தை. "வந்த வாரமே புள்ளைக்கு அம்மை போட்டுச்சு. கண்ணத் தொறக்க முடியாம அது கெடந்த கெடப்ப நான் பாத்தேன்."

தலைப்பும் துணைத்தலைப்பும் போல இரண்டு தகவல்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக நின்றன. இரண்டுக்கும் தொடர்பு என்ன என்று அலுவலக மேசையில் நான் கேட்டிருப்பேன். அடுப்படியில் கேட்கவில்லை. அத்தையின் முகம் வெளிறியிருந்தது. நான் நம்புகிறேனா இல்லையா என்பது அங்கே ஒரு பொருட்டே இல்லை. நான் தங்கிவிட்டு வந்து, நோம்பிக்குள் ஊரில் எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் எல்லோரும் எங்கள் வாசலைத்தான் பார்ப்பார்கள்.

"நான் வர முடிஞ்சா வண்டியிலயே கூட்டிட்டுப் போயிட்டு வந்துருவேன்," என்று என் கணவர் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெளக்கு வெக்கறதுக்குள்ள மேல வந்துரு. கடைசி பஸ்ஸ நம்பாத. மழை இருட்டுது."

மாமா கூடத்திலிருந்து குரல் கொடுத்தார். "லேப்டாப்பும் சாயந்தரம் வந்துருமா சாமி? ரெண்டு பொருத்தம் பாக்கோணும்."

மாமா தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜாதகம் கணிப்பது அவருடைய பொழுதுபோக்கு. பேரன் முறையாகும் யாரோ ஒரு ஜாதக மென்பொருளை என் லேப்டாப்பில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். மாலையில் நான் வேலை முடித்ததும் அது மாமாவிடம் போய்விடும். மலையில் பல வீடுகளின் பத்துப் பொருத்தம் அதில்தான் பார்க்கப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை லேப்டாப்பைப் பாலித்தீன் உறையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் மலை இறங்கினேன். எழுபது வளைவு. வழக்கமாக எனக்குப் பயமில்லாத சாலை. அன்று ஒவ்வொரு வளைவிலும், மாலையில் இதே வழியாக ஏற வேண்டும் என்ற நினைப்பு வந்தது. மேலே மேகம் சரிந்துகொண்டிருந்தது. காரவள்ளியில் சமதரை வந்ததும் பக்கத்தில் இருந்த அம்மாள், "ஏங்கண்ணு, கொழந்தையா அது, இப்படிப் புடிச்சிருக்கற?" என்று கேட்டுச் சிரித்தார். அப்போதுதான் கைகள் மரத்துப்போயிருந்தது தெரிந்தது.

பாயின் கடை முன்பக்கம் ரீசார்ஜ், பின்பக்கம் தட்டி அடித்துத் தடுத்த நான்கு கணினிகள். ஞாயிறு என்பதால் மதியத்துக்கு மேல்தான் திறந்தார்; என் லேப்டாப்பில் அவருடைய கேபிளைச் செருகினார். செய்தித் தளங்கள் பளிச்சென்று திறந்தன. மூச்சு விட்டேன். மென்பொருளைத் திறந்து பொத்தானை அழுத்தினேன்.

முகவரியை எட்ட முடியவில்லை.

அந்த நொடியை இன்றும் துல்லியமாகச் சொல்ல முடியும். தட்டியின் மறுபக்கம் யாரோ கல்லூரித் தேர்வு முடிவு பார்த்துக்கொண்டிருந்தார்கள். மின்விசிறியின் ஒரு இறக்கை கம்பி வலையில் உரசிக்கொண்டிருந்தது. மலையில் இருந்தவரை சிக்னல் என்று ஒரு காரணம் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. எது கெட்டிருக்கிறது என்று தெரியாத இடத்துக்கு வந்திருந்தேன். ஆசிரியரிடம் என்ன சொல்வது என்று வாக்கியம்கூட மனதில் அமைந்துவிட்டது. அது நல்ல வாக்கியமாக இருந்தது வேறு.

மின்சாரம் போனது. விசிறி நின்றது. யூபிஎஸ் கூவத் தொடங்கியது.

"தங்கச்சி, பயப்படாதீங்க. நம்ம யூபிஎஸ் கொஞ்ச நேரம் தாங்கும்," என்று பாய் எட்டிப் பார்த்தார். "ரொம்ப நேரம்னா அல்லாதான் தாங்கணும்."

"எல்லா சைட்டும் வருது பாய். இது மட்டும் வரமாட்டேங்குது."

"அப்ப உங்க பொட்டிதான் சரியில்ல. நம்ம லைன் மேல பழி போடாதீங்க."

அவர் விளையாட்டாகச் சொன்னதை நான் பிடித்துக்கொண்டேன். லைன் சரி. முகவரியும் சரியாகத்தான் இருக்க வேண்டும், உலகம் முழுக்க அதையே பயன்படுத்துகிறார்கள். அப்படியானால் என் லேப்டாப். அதுவரை பிழைச் செய்தியின் முதல் வரியை மட்டுமே நான் படித்திருந்தேன். மற்றவர்களின் செய்தியைக் கடைசி வரிவரை படிப்பதற்குச் சம்பளம் வாங்கியவள், என் பயத்தில் முதல் வரியோடு நின்றிருந்தேன். கீழே விவரம் என்று ஒரு பொத்தான். அழுத்தினேன். நீண்ட பட்டியல், பெரும்பாலும் எனக்குப் புரியாதது. நடுவில் ஒரு வரி புரிந்தது. எதிர்முனையின் அடையாளச் சான்று இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை என்றது. அது எந்த நாளில் தொடங்கும் என்றும் போட்டிருந்தது. அந்த நாள் கடந்து பல மாதம் ஆகியிருந்தது.

கடந்துபோன நாளை இன்னும் வராத நாள் என்று யார் சொல்வார்கள்?

திரையின் மூலையில் கடிகாரம் சரியான மணியைத்தான் காட்டியது. அது மணியை மட்டும் காட்டும். அதன்மேல் இரண்டு முறை தட்டினேன். நாட்காட்டி விரிந்தது. லேப்டாப் போன ஆண்டு ஜனவரிக் கடைசியில், நம் தை மாதத்தில் இருந்தது.

முதலில் வைரஸ் என்றுதான் நினைத்தேன். அலுவலகத்தில் தின்றது பென் டிரைவ் வழியாக மலைக்கும் வந்துவிட்டது, நிரலும் போயிருக்கும் என்று கணக்குப் போட்டேன். பிறகு, தை என்பது என்னை நிறுத்தியது. வைரஸுக்கு மாதம் பார்க்கத் தெரியாது. பாயின் கடைப் போனிலிருந்து வீட்டுக்கு அடித்தேன். மாமா எடுத்தார்.

"மாமா, லேப்டாப்புல தேதிய மாத்துனீங்களா?"

"ஆமா சாமி." அவர் குரலில் ஒரு கலக்கமும் இல்லை. "அந்த ஜாதகம் ஓசிக்கு ஒரு மாசந்தான் ஓடுமாமா. அப்பறம் காலம் முடிஞ்சுதுன்னு பூட்டிக்குது. தேதியப் பின்னால தள்ளி வெச்சா மறுக்கா ஓடும்னு பையன் சொல்லிக் குடுத்தான். மாசா மாசம் தள்ளி வெச்சர்றேன்."

"தையில எதுக்குங்க மாமா வெச்சீங்க?"

"வெக்கறது வெக்கறோம், நல்ல மாசமா வெப்போமேன்னுதான்."

முப்பது ஆண்டு தினமும் காலையில் தபால் முத்திரையில் தேதியைத் திருகி வைத்த கை அது. ஒரு திருகு திருகினால் என்ன ஆகிவிடும் என்று நினைத்திருப்பார். எனக்குக் கோபம் வரவில்லை. அதற்கு இடமில்லாத அளவுக்குப் பயம் நிறைந்திருந்தது.

"நான் இப்ப சரியான தேதி வெக்கோணும் மாமா. உங்களுது பூட்டிக்கும்."

மறுமுனையில் மாமா தாள் புரட்டும் சத்தம். "அப்பப் பஞ்சாங்கத்துலயே பாத்துக்கறேன். நீ மொதல்ல வந்து சேரு."

போனை வைத்தபோது பாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார். "தெனம் தேதி போட்டு பேப்பர் விக்கறவங்க நீங்க. தேதி பாக்க மாட்டீங்களா?"

தேதியை மாற்றினேன். பொத்தானை அழுத்தினேன். வெள்ளைக் கட்டம் நிரம்பியது. ஒன்றன்கீழ் ஒன்றாகப் பெயர்கள் இறங்கிக்கொண்டே வந்தன. இவ்வளவு பாகங்களா என்று மலைத்தேன். அத்தனையையும் தேர்ந்தெடுத்தால் இரவெல்லாம் ஆகும் என்று அதுவே கணக்குச் சொன்னது. கடைசி பஸ்ஸுக்கு முந்திய பஸ் ஏற்கனவே போய்விட்டது. மின்சாரம் எப்போது வரும் என்று தெரியாது.

எனவே வெட்டினேன். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். விளக்கக் கையேடு வேண்டாம். மாதிரி நிரல்கள் வேண்டாம். பழைய போன்கள், இன்னும் வராத போன்கள் வேண்டாம். ஏதோ கேபிள் சம்பந்தமான ஒன்று, வேண்டாம். முதலாளி மகனின் போனுக்கான பாகம் மட்டும் போதும் என்று குறியிட்டு இறக்கச் சொன்னேன். பச்சைக் கோடு நகரத் தொடங்கியது.

அது நகர்ந்த விதமே தனி. ஓடும், நிற்கும், செத்துவிட்டதோ என்று நினைக்கும்போது ஒரு மயிரிழை அசையும். யூபிஎஸ்ஸின் கூவல் வேகமெடுத்தது. பாய் மற்ற கணினிகளை அணைத்து, தேர்வு முடிவு பார்க்க வந்தவர்களை "நாளைக்கு வாங்கப்பா, பாஸானா நாளைக்கும் பாஸ்தான்" என்று அனுப்பிவைத்தார். முக்கால் கோடு ஆனபோது மலைக்குப் போகும் கடைசி பஸ் கடைக்கு எதிரே வந்து நின்று ஹாரன் அடித்தது.

"போயிருங்க தங்கச்சி, நாளைக்குக் காலையில நான் இறக்கி சிடியில குடுக்கறேன்."

"நாளைக்குப் பத்து மணிக்கு சேலத்துல இருக்கணும் பாய்."

"அப்ப இங்க தங்கிருங்க. வீட்ல என் சம்சாரம், புள்ளைங்க இருக்காங்க."

"தங்கக்கூடாது. ஊர்ல காப்புக் கட்டியிருக்கு."

அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கடை வாசலுக்குப் போய்க் கண்டக்டரைப் பார்த்துக் கத்தினார். "ஏம்ப்பா, கொஞ்சம் நில்லு. ஒரு ஆள் வருது."

"எத்தினி நேரம் பாய்? மழை வருது, டிரைவரு கடிக்கறாரு."

"போன வாரம் கடனா போட்ட ரீசார்ஜ நெனச்சுப் பாரு. அந்த அளவுக்கு நில்லு."

பஸ்ஸுக்குள் யாரோ திட்டினார்கள். கோடு கடைசிவரை போய், அங்கே நின்று யோசித்து, முடிந்தது என்றது. கேபிளைப் பிடுங்கி, லேப்டாப்பைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு ஓடினேன். பஸ்ஸில் ஏறியபின்தான் மூடினேன்.

காரவள்ளி தாண்டியதும் மழை பிடித்தது. பாதி வளைவுகள் ஏறியிருப்போம். பஸ் நின்றது. மேலிருந்து மரவள்ளிக்கிழங்கு லோடு ஏற்றிவந்த லாரி ஒன்று வளைவில் குறுக்காக மாட்டிக்கொண்டு, முன்னால் வரவும் முடியாமல் பின்னால் போகவும் முடியாமல் நின்றது. அதன் பின்சக்கரம் ஓரக்கல்லை ஒட்டியிருந்தது. அதற்கப்பால் வெள்ளைப் பனி மட்டும். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது.

"திருப்பிக் கீழயே போயரலாமுங்களா?" என்று கண்டக்டர் டிரைவரைக் கேட்டார்.

எனக்கு முன் இருக்கையில் இருந்த வயதான அம்மாள் எழுந்துவிட்டார். "கீழயா? எங்கூர்லயும் கம்பம் நட்டிருக்குது. என்னை இங்கயே எறக்கி உடு, நான் நடந்து போறேன்."

"மழையில எப்படி நடப்பீங்க ஆத்தா? கரடி வரும்."

"வரட்டும். நான் எல்லைய முறிச்சுட்டுப் போய் நின்னா அதைவிட மோசமா அம்மன் வருவா."

யாரும் சிரிக்கவில்லை. அந்த அம்மாளின் பயம் அத்தையின் முகத்தில் பார்த்த அதே பயம். இந்த முறை அது எனக்கும் வந்திருந்தது. பஸ் திரும்பினால் அத்தை விடியும்வரை தூங்கமாட்டார். காலையில் நான் சேலத்தில் நின்று காட்டி வேலையைக் காப்பாற்றிக்கொள்ளலாம். அப்படிக் காப்பாற்றிய வேலையை அந்த வீட்டில் உட்கார்ந்து எப்படிச் செய்வது? இரண்டும் வேண்டும், இரண்டும் அந்த லாரியின் பின்சக்கரத்தில் இருந்தன.

ஆண்கள் இறங்கினார்கள். லாரியின் மேலிருந்த மூட்டைகளைச் சிலர் இறக்கிச் சாலையோரம் போட்டார்கள். சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். டிரைவர்கள் இருவரும் ஒருவரையொருவர் வைதுகொண்டே ஒருவருக்கொருவர் கை காட்டினார்கள். லாரி ஒரு முழம் பின்னால் போனது, அரை முழம் வழுக்கியது. பஸ்ஸுக்குள் பெண்கள் அனைவரும் ஒரே மூச்சாக "அய்யோ" என்றோம். மூன்றாவது முயற்சியில் அது நேரானது. எங்கள் பஸ்ஸின் பக்கத்தை உரசுவதுபோல் கடந்து இறங்கியது. சன்னல் வழியே லாரி டிரைவரின் முகத்தைப் பார்த்தேன். சுண்ணாம்பு போல இருந்தது.

ஊர் எல்லையில் நான் இறங்கியபோது இருட்டு முழுதாக மூடவில்லை. எல்லைக் கல்லுக்கு அந்தப்பக்கம் என் கணவர் குடையோடு நின்றார். ஓர் அடிகூட இந்தப்பக்கம் வைக்கவில்லை. நான் தாண்டியதும் பையை வாங்கிக்கொண்டார். "எல்லாம் ஏறுச்சா?" என்றார். பஸ்ஸைக் கேட்கிறாரா மென்பொருளையா என்று நான் யோசிக்கவில்லை. "ஏறுச்சு" என்றேன்.

வீட்டில் உட்கார்ந்து நிரலைக் கட்டினேன். மென்பொருளுக்குள் இருக்கும் பொய்ப் போன் ஒன்று திரையில் எழுந்திருக்க நெடுநேரம் எடுத்துக்கொண்டது. கோயில் ஒலிபெருக்கியில் யாரோ நன்கொடை தந்தவர்களின் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார்கள். அத்தை பின்னால் வந்து நின்று, "இதுக்குத்தானா?" என்று கேட்டார். பொய்ப் போனில் எங்கள் பேப்பரின் தலைப்பு ஒன்று தெரிந்தது. "பேப்பர்லயே வருதே" என்றுவிட்டுப் போனார்.

திங்கள் காலை முதல் பஸ். பத்து மணிக்கு முதலாளி அறையில் குளிர்சாதனம் ஓடியது. மேசைக்கு அந்தப்பக்கம் முதலாளியும் மகனும், இந்தப்பக்கம் ஆசிரியரும் நானும். மகன் போனைக் கொடுத்தார். கேபிளால் லேப்டாப்பில் மாட்டினேன். லேப்டாப் அந்தப் போனை யாரென்றே தெரியாதென்றது. கேபிள் வழியாகப் போனோடு பேசுவதற்கான பாகம் இல்லை என்று ஒரு வரி வந்தது. முந்தின நாள் நான் வெட்டிய பாகம்.

இந்த முறை வரியைக் கடைசிவரை படித்தேன். மூடிவிட்டுத் திறக்கவில்லை. ஆசிரியர் தொண்டையைச் செருமினார்.

"என்னம்மா?" என்றார் முதலாளி.

"கேபிள் வேண்டாம் சார். வாசகர் எப்படி எடுப்பாரோ அப்படியே காட்டறேன்," என்றேன். அறையின் இணைய இணைப்பில் நுழைந்து, நான் பார்த்துக்கொள்ளும் எங்கள் இணையதளத்திலேயே செயலியை ஒரு மூலையில் ஏற்றினேன். மகனிடம் போனில் அந்த முகவரியைத் தட்டச் சொன்னேன். அவர் தட்டினார். தெரியாத இடத்திலிருந்து வருகிறது, அனுமதிக்கலாமா என்று போன் கேட்டது. அவர் என்னைப் பார்த்தார். தலையசைத்தேன். எனக்கும் அது தெரியாத இடம்தான்.

கோடு ஓடியது. திரை கறுத்தது. கறுத்தபடியே இருந்தது. பிறகு அன்றைய முதல் பக்கத்தின் தலைப்பு, வீட்டில் பொய்ப் போனில் பார்த்ததைவிடச் சின்னதாக, ஆனால் ஒரு எழுத்துகூட உடையாமல் வந்தது.

மகன் விரலால் தள்ளினார். அடுத்த தலைப்பு. அடுத்தது. போனை அப்பாவிடம் நீட்டினார். முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். தலைப்பில் ஒரு ஒற்றுப்பிழை இருப்பதாக ஆசிரியரிடம் சொன்னார். ஆசிரியர் குறித்துக்கொண்டார்.

"மலையில இருந்துட்டே தெனம் இதைப் பண்ண முடியுமா?" என்று மகன் என்னைக் கேட்டார். "காலையில ஆறு மணிக்குள்ள எல்லாத் தலைப்பும் இதுல வந்துடணும். ஒரு நாள்கூட விடக்கூடாது."

"முடியும் சார்," என்றேன். சிக்னல் இல்லாத ஊரிலிருந்து எப்படி என்று அப்போது எனக்குத் தெரியாது.